லொறியில் ஏற்றாத பேணி

போன கிழமை, வீடு மாற்றும் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த உங்களில் ஒருத்தி எனக்குப் போன் எடுத்தாள். ஒரு வீட்டுக் கராஜில், பெயின்ட் வாளிகளுக்குப் பின்னால், மூடி துருப்பிடித்த ஒரு தகரப்பேணியைக் கண்டாளாம். வேட்டைக்காரர் தோட்டாவுக்குள் போடுகிற வெடிமருந்து. வீட்டுக்காரர் “பழைய சாமான்தானே, ஏத்துங்கோ” என்கிறார், ஏற்றலாமா அக்கா என்று கேட்டாள். ஏற்றாதே என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.

வைத்த பிறகு இருப்புக் கொள்ளவில்லை. ஏன் என்று சொல்லாமல் ஏற்றாதே என்று மட்டும் சொன்னால், அடுத்த முறை அவள் என்னைக் கேட்க மாட்டாள். தானாகவே ஏதாவது ஒன்றைச் செய்துவிடுவாள். அதனால்தான் உங்கள் எல்லோருக்குமாக இதை எழுத உட்கார்ந்தேன். உட்கார்ந்தேன் என்று சொல்வதும் பொய். இரண்டு வரி எழுதுகிறேன், எழுந்து குசினிக்குள் போய் அடுப்பைப் பார்க்கிறேன், திரும்பி வந்து எழுதுகிறேன். வேலையை விட்டாலும் இந்தப் பழக்கம் விடவில்லை.

கண்ணாடிப் பாத்திரத்தை எப்படிச் சுற்றுவது, கட்டிலை எப்படிக் கழற்றுவது என்பதெல்லாம் ஒரு கிழமைக்குள் உங்கள் கைக்கு வந்துவிடும். அவற்றைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. வயதானவர்களைப் பெரிய வீட்டிலிருந்து சின்ன வீட்டுக்கு மாற்றுவது நம் தொழில். அந்த ஒரு நாளில் எல்லோரும் அவசரப்படுவார்கள். பிள்ளைகள் வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்திருப்பார்கள். லொறிச் சாரதி நிமிடத்துக்கு ஒரு தரம் போனைப் பார்ப்பார். புதுக் கட்டடத்தில் நாம் பதிவு செய்த எலிவேட்டர் நேரம் ஓடிக்கொண்டிருக்கும். என்னை முதன்முதலாகப் பொறுப்பாக வைத்த பெண்மணி ஒரு போர்த்துக்கீசக்காரி. ஓடக்கூடியவர்கள் என்னிடம் நிறையப் பேர் இருக்கிறார்கள், நிற்பாட்டக்கூடிய ஒருத்தி வேண்டும், அதனால்தான் உன்னை எடுத்தேன் என்று அவர் சொன்னார். அப்போது எனக்கு அது பாராட்டாகவே தெரியவில்லை.

கொரோனா அடங்கிய பிறகு வந்த ஒரு ஜூலை மாதம். அஜின்கோர்ட்டில், பிரதான வீதியிலிருந்து சற்று உள்ளே, பழைய செங்கல் வீடு. வீட்டுக்காரர் இராசநாயகம். எண்பது வயதைத் தாண்டியவர், நல்ல உயரம், கூனல் இல்லை. எழுபதுகளிலேயே கனடாவுக்கு வந்தவர். இங்கே தமிழ்க் கடை ஒன்றுகூட இல்லாத காலம். கார் உதிரிப்பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் வேலை. கூட வேலை செய்த வெள்ளைக்காரர்கள் ஒவ்வொரு நவம்பரும் வடக்கே மான் வேட்டைக்குப் போவார்கள். ஒரு வருடம் இவரையும் கூட்டிக்கொண்டு போனார்கள். அதன் பிறகு இவர் போகாத வருடம் இல்லை. மான் இறைச்சி வீட்டுக்குள் வரக்கூடாது என்று மனைவி கட்டளை போட்டதால் கராஜுக்குள் அடுப்பு வைத்துச் சமைத்தாராம். மனைவி இறந்த பிறகும் இறைச்சி கராஜைத் தாண்டி வரவில்லை.

அவருடைய ஒரே மகள் வதனி. ஸ்ரௌவ்வில்லில் கணவனோடும் இரண்டு சின்னப் பிள்ளைகளோடும் இருக்கிறாள். தகப்பன் தனியாக இந்தப் பெரிய வீட்டில் இருப்பது சரிவராது என்று சொல்லிச் சொல்லி, பிக்கரிங்கில் ஒரு சின்ன அப்பார்ட்மென்டை அவளே பார்த்து முடித்திருந்தாள். எலிவேட்டர் பின்னேரம் வரைக்கும்தான். லொறி ஓட்டியவர் முருகேசன், தஞ்சாவூர்ப் பக்கத்து ஆள், என்னோடு பல காலம் வேலை செய்தவர். பொறுப்பு என்னுடையது.

காலையிலேயே வெயில் சுட்டது. மேல் வீடு வேகமாக முடிந்துகொண்டு வந்தது. அப்போதுதான் பெரியவர் என்னைக் கீழே கூப்பிட்டார்.

பேஸ்மென்டின் ஒரு மூலையில் கனத்த மரமேசை. அதன் ஓரத்தில் நீளமான கைபிடி வைத்த இரும்புப் பொறி ஒன்று, ஆணி போட்டு இறுக்கியிருந்தது. பக்கத்தில் மருந்து நிறுக்கும் சின்னத் தராசு, டப்பா டப்பாவாகப் பித்தளைக் கோதுகள். எல்லாம் துடைத்து, அளவுப்படி அடுக்கியிருந்தன.

“அங்கிள், என்ன மிஷின் இது?”

“தோட்டா கட்டுற பிரெஸ் பிள்ளை. சுட்டு முடிஞ்ச கோது இருக்கெல்லோ, அதை எறியிறேல்லை. துடைச்சு, இதுக்குள்ள வைச்சு அமத்தினா பழைய அளவுக்கு வந்திடும். பிறகு மருந்து போட்டு, மேல ஈயச் சன்னத்தை வைச்சு அமத்திறது. கடைத் தோட்டாவைவிட நான் கட்டினது நேரா போகும்.”

“மான் சுட்ட துவக்கு?”

“துவக்கெல்லாம் முறையா லைசன்ஸ் உள்ள ஆளிட்டக் குடுத்திட்டன். உந்தச் சாமானும் மருந்தும் என்ர ஒரு சிநேகிதனுக்கு. அவன் வடக்கில இருக்கிறான். இலையுதிர்காலத்தில வந்து எடுப்பான். அதுவரைக்கும் வதனியின்ர கராஜில வைக்கலாம்.”

அதாவது முதலில் பிக்கரிங், கட்டில் மேசை எல்லாம் இறக்கிய பிறகு ஸ்ரௌவ்வில். அதுவரை இவை மூடிய லொறிக்குள் இருக்கும். அதன் பிறகு பிள்ளைகள் சைக்கிள் விடுகிற கராஜில்.

அவர் சுவரோரமாக இருந்த மர அலுமாரியைத் திறந்தார். ஐந்தாறு பேணிகள் வரிசையாக நின்றன. கதவு திறந்த அந்தக் கணமே என் மூக்கு எரிந்தது. வினாகிரியும், கழிவறை கழுவுகிற மருந்தும் கலந்தது போல ஒரு காரமான புளித்த நெடி. தொண்டைக்குள் போய்க் கீறியது.

“அங்கிள், இதென்ன இப்பிடி மணக்குது?”

“மருந்தெண்டா மணக்கும்தானே. நல்ல மருந்து ஸ்பிரிட் மாதிரி லேசா மணக்கும். கெட்ட மருந்து புளிச்ச மணம் மணக்கும். ஒவ்வொரு வருசமும் பனி கரைஞ்சதும் எல்லாப் பேணியையும் திறந்து மணந்து பாக்கிறனான். நாப்பது வருசமா உதுதான் வழக்கம்.” சொல்லிக்கொண்டே கடைசியில் நின்ற பெரிய பேணியை எடுத்து மூடியைத் திருகினார். மூடி நெருநெருவென்று திறந்தது. மூக்கை அதற்குள் கொண்டுபோய் நன்றாக இழுத்தார். பிறகு நிமிர்ந்து, “நல்ல மருந்து. பிடி, மணந்து பார்” என்று என் கையில் தந்தார்.

கிட்டக் கொண்டுபோகவே வேண்டியிருக்கவில்லை. என் கண்ணில் நீர் வந்துவிட்டது. உள்ளே கறுத்த மணிகளின் மேல் செங்கல்தூள் மாதிரி ஏதோ படிந்திருந்தது.

“இந்தச் சிவப்பு?”

“தகரத்தின்ர கறள், துரு. மூடியில இருந்து விழுந்தது. உனக்குப் பழக்கமில்லைப் பிள்ளை, அதுதான் பயப்பிடுறாய்.”

பேணி கைக்கு இளஞ்சூடாக இருந்தது. அலுமாரிக்குப் பக்கத்தில் சுடுதண்ணித் தாங்கி நின்றது. அந்தச் சூடாக இருக்கும் என்று நினைத்து, மூடியை அப்படியே மேலே வைத்து, பேணியைத் தட்டில் திரும்ப வைத்தேன்.

இங்கேதான் உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். எனக்கு வெடிமருந்தைப் பற்றி ஒன்றுமே தெரியாது. எதிரில் நிற்பவர் நாற்பது வருடம் அதைக் கையாண்டவர். விரல் ஒன்றுக்கும் சேதமில்லை. அவர் நல்லது என்கிறார். நான் யார் கெட்டது என்று சொல்ல? இப்படித்தான் எனக்குள் ஓடியது. மேலே ஏறி வந்தேன். ஆனால் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. ஒரு பெட்டியை எடுத்தேன், வைத்தேன், வேறொன்றை எடுத்தேன்.

முருகேசன் லொறியிலிருந்து இறங்கி வந்தார். “என்னக்கா, கீழ இன்னும் இருக்கா? டைம் ஆகுதுக்கா.”

விஷயத்தைச் சொன்னேன்.

“நாலஞ்சு டப்பாதானே? ஒரு பெட்டில போட்டு, போர்வையச் சுத்தி ஓரமா வச்சுட்டா போச்சு. லிஃப்ட் டைம் தாண்டிடுச்சுன்னா அந்த பில்டிங் ஆளு சாமான ஏத்தவே விடமாட்டான்.”

இதைக் கேட்டுக்கொண்டு வந்த வதனிக்குக் கோபம் வந்துவிட்டது. “என்ர கராஜுக்கோ? அப்பா எனக்குச் சொல்லவே இல்லை. அக்கா, ஒண்டும் யோசிக்காதேங்கோ. எல்லாத்தையும் கார்பேஜ் பாக்கில போட்டுக் கட்டி வெளியில வையுங்கோ. நாளைக்குக் குப்பை லொறி எடுத்துக்கொண்டு போகும்.”

குப்பை லொறி சாமானை நசுக்கி எடுப்பதை நான் எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன். “வேண்டாம். கொஞ்சம் பொறுங்கோ” என்றேன். எதற்குப் பொறுக்கச் சொல்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

அப்போது பெரியவர் குசினிக்குள்ளிருந்து கூப்பிட்டார். “பிள்ளை, வேலை செய்யிற ஆக்கள் பசியோட நிக்கக்கூடாது. வந்து சாப்பிடுங்கோ. வதனி கொண்டுவந்த மீன்குழம்பு கிடக்கு.”

குளிர்சாதனப்பெட்டியை ஏற்றுவதற்காக முதல் நாளே வயரைக் கழற்றி வைத்திருந்தார்கள். அதற்குள் மறந்துபோயிருந்த பாத்திரத்தைத்தான் அவர் எடுத்திருந்தார். நான் வாசலுக்குள் கால் வைக்கும்போதே குமட்டியது. அந்த வெயிலில் குழம்பு நுரைத்துப் போயிருந்தது. அவர் அதன் மேல் குனிந்து நின்று, கரண்டியால் கிளறி, “நல்ல குழம்பு” என்று சொல்லி ஒரு துண்டு மீனை வாய்க்குக் கொண்டுபோனார்.

“அங்கிள், வேண்டாம்!” பாய்ந்து போய்க் கையைப் பிடித்தேன்.

“என்ன பிள்ளை?”

அவருடைய முகத்தில் விளங்காத ஒரு திகைப்பு. கரண்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு அந்தத் திகைப்பு மெல்ல மாறி, பிடிபட்டுப்போன ஒருவருடைய முகமாக ஆனது.

எனக்கு அப்போதுதான் எல்லாம் ஒன்றாக விளங்கியது. பாத்திரத்தை வாங்கிக் கழுவு தொட்டிக்குள் ஊற்றினேன். வதனி முன்அறையில் போனில் பேசிக்கொண்டிருந்தாள். குரலைத் தாழ்த்தி, “அங்கிள், உங்களுக்கு மணம் தெரியிறேல்லையோ?” என்று கேட்டேன்.

அவர் கரண்டியை வைத்தார். பேஸ்மென்ட் படியால் இறங்கத் தொடங்கினார். நானும் பின்னால் போனேன். மரமேசைக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டுதான் வாயைத் திறந்தார்.

“கொரோனா வந்து போனதில இருந்து ஒண்டும் தெரியாது. திரும்பி வரும் எண்டு டொக்டர் சொன்னார். வரேல்லை.”

“வதனிக்கு?”

“சொல்லேல்லை. சொன்னா, காஸ் அடுப்போட அப்பா தனிய இருக்கிறார் எண்டு அண்டைக்கே வீட்டை வித்திருப்பாள். நீயும் சொல்லாதை.”

“அப்ப இந்த வருசம் மருந்தை எப்பிடிப் பாத்தனீங்கள்?”

“மணந்து பாத்தன்” என்றார். அலுமாரிப் பக்கம் திரும்பி, “ஒண்டும் மணக்கேல்லை. அப்ப கெட்ட மணமும் இல்லைத்தானே எண்டு விட்டிட்டன்” என்றார்.

அலுமாரிக் கதவு திறந்தபடியே இருந்தது. நெடி முன்னைவிடக் கூடியிருந்தது போலத் தோன்றியது. மற்றப் பேணிகளைப் புறங்கையால் ஒவ்வொன்றாகத் தொட்டேன். எல்லாம் குளிர்ந்து கிடந்தன. சுடுதண்ணித் தாங்கிக்கு ஆகக் கிட்ட நின்ற பேணியும் குளிர்ந்துதான் இருந்தது. தாங்கியிலிருந்து தள்ளி நின்ற அந்தப் பெரிய பேணி மட்டும் சூடு. அது வெளியிலிருந்து வந்த சூடு அல்ல.

“மேல போவம் அங்கிள்.”

அவரும் புறங்கையை வைத்துப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. ஆனால் மேலே வரவில்லை. “நான் உதைத் தூக்கிக்கொண்டு போய்ப் பின்வளவில வைக்கிறன்” என்று இரண்டு கையாலும் பேணியைப் பிடிக்கப் போனார். நான் மணிக்கட்டைப் பிடித்தேன்.

“தொடாதேங்கோ.”

“விடு பிள்ளை. என்ர சாமான். என்ர வீடு. எனக்குத் தெரியும் என்ன செய்யிறதெண்டு.”

“எனக்குத் தெரியாது அங்கிள். உங்களுக்கும் இப்ப தெரியாது. தெரிஞ்ச ஒராளைக் கூப்பிடுவம்.”

அவர் கையை உதறவில்லை. ஆனால் என்னைப் பார்த்த பார்வை இன்னும் எனக்குள் இருக்கிறது. எண்பது வயது மனிதரிடம் உங்களுக்கு இப்போது தெரியாது என்று சொல்வது சின்ன விஷயம் அல்ல. மகள் முன்னால் சொல்லாமல் தனியாகச் சொன்னதால்தான் அவர் படியேறினார் என்று நினைக்கிறேன். நாலு பேருக்கு முன்னால் சொல்லியிருந்தால் பிடிவாதத்துக்காகவே அந்தப் பேணியைத் தூக்கியிருப்பார்.

மேலே வந்ததும், “எல்லாத்தையும் போட்டிட்டு வெளியில வாங்கோ” என்றேன். முருகேசன் என் முகத்தைப் பார்த்தார். கையிலிருந்த பெட்டியை அப்படியே வைத்துவிட்டு ஓடிப்போய் லொறியைத் தெருமுனைக்குக் கொண்டுபோய் நிறுத்தினார். பக்கத்து வீட்டுச் சீனத் தம்பதியினரின் கதவைத் தட்டி அவர்களையும் வெளியே வரச் சொன்னேன்.

நான் போனை எடுத்ததும் வதனி ஓடிவந்து என் கையைப் பிடித்தாள்.

“அக்கா, பிளீஸ், பொலிஸ் வேண்டாம். தமிழ் ஆக்களின்ர வீட்டில வெடிமருந்து எண்டு நியூஸில போட்டாங்கள் எண்டா? அப்பாவின்ர படத்தைப் போடுவாங்கள். என்ர வேலை... பிள்ளையளின்ர பள்ளிக்கூடம்... ஆர் அக்கா நம்புவினம், மான் சுடத்தான் எண்டு?”

அவளைக் குறை சொல்ல மாட்டேன். எனக்கும் அந்தப் பயம் இருந்தது. ஊரில், யுத்தக் காலத்தில், அந்த ஒரு சொல் ஒரு வீட்டையே அழிக்கப் போதுமாக இருந்தது. சோதனைச் சாவடிகளில் நின்று, பையைத் திறந்து காட்டி வளர்ந்தவள் நான். வெடிமருந்து என்று சீருடைக்காரரிடம் நானாகவே வாய் திறந்து சொல்ல வேண்டியிருந்தது. இரண்டு தரம் அவசர இலக்கத்தை அழுத்தப்போய் விட்டுவிட்டேன். பிறகு புல்தரையில் அங்குமிங்கும் நடந்தேன். என்ன சொல்வது என்று ஒரு வசனத்தை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

கடைசியில் அழைப்பை எடுத்தபோது இப்படிச் சொன்னேன். நாங்கள் வீடு மாற்ற வந்தவர்கள். வீட்டுக்காரர் வயதானவர், அனுமதியோடு மான் வேட்டைக்குப் போனவர். தோட்டா நிரப்ப வாங்கி வைத்த பழைய மருந்துப் பேணி ஒன்று சூடாக இருக்கிறது. புளித்த நெடி வருகிறது, மருந்தின் மேல் சிவப்பாகப் படிந்திருக்கிறது. நாங்கள் எல்லோரும் வெளியே நிற்கிறோம், ஒருவருக்கும் காயமில்லை. இது ஆபத்தா இல்லையா என்று எங்களுக்குத் தெரியாது.

இதை ஞாபகம் வைத்திருங்கள். கண்டதைச் சொல்லுங்கள், தொட்டதைச் சொல்லுங்கள், மணந்ததைச் சொல்லுங்கள். உங்கள் பயத்தைச் சொல்லாதீர்கள். தெரியாததைத் தெரியாது என்றே சொல்லுங்கள். குண்டு, வெடிக்கப்போகிறது என்றெல்லாம் நான் கத்தியிருந்தால், வந்து இறங்கியவர்கள் வேறு விதமாக வந்திருப்பார்கள்.

முதலில் தீயணைப்பு வண்டி வந்தது. பிறகு பொலிஸ் வந்து தெருவின் இரண்டு பக்கத்தையும் மறித்தது. எல்லா வீட்டு வாசலிலும் ஆட்கள். வதனி முகத்தைப் பொத்திக்கொண்டு நின்றாள். எல்லோரும் பெரியவரைப் பார்க்காதது போலப் பார்த்தார்கள். சீனத்து அம்மா மட்டும் தன் வீட்டு மடக்குக் கதிரை ஒன்றைக் கொண்டுவந்து, மேப்பிள் மர நிழலில் விரித்து, அவரை அதில் உட்காரச் சொல்லிக் கைகாட்டினார்.

வெடிபொருள்களுக்குப் பொறுப்பான அதிகாரி ஒரு பெண். குட்டையானவர், சத்தமில்லாத பேச்சு. உள்ளே போவதற்கு முன் பெரியவருக்கு எதிரே முழங்காலை மடித்துக் குந்தினார். எந்தப் பேணியில் எந்த மருந்து, எப்போது வாங்கியது, வேறு எங்காவது வைத்திருக்கிறாரா என்று ஆங்கிலத்தில் ஒவ்வொன்றாகக் கேட்டார். பெரியவர் தடுமாறாமல் பதில் சொன்னார். அந்தப் பெரிய பேணி, இறந்துபோன ஒரு வேட்டை நண்பரின் வீட்டிலிருந்து வந்தது, ஆகப் பழையது என்றார்.

“கடைசியாக எப்போது சோதித்தீர்கள்?”

“இந்த வசந்தத்தில்.”

“எப்படி?”

“மணந்து.”

“அப்போது என்ன மணம் இருந்தது?”

அந்தக் கேள்விக்குப் பெரியவர் நல்ல மணம் என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். நானும் வாய் திறந்திருக்க மாட்டேன். அவர் என்னைப் பார்த்தார். பிறகு அதிகாரியை விட்டுவிட்டு, மகளைப் பார்த்துத் தமிழில் சொன்னார்.

“வதனி, எனக்கு மணம் தெரியாது பிள்ளை. கொரோனாவோட போனது. இண்டைக்கு வரைக்கும் வரேல்லை.”

வதனி முகத்திலிருந்து கையை எடுத்தாள். “என்னப்பா சொல்லுறீங்கள்?”

“ஒண்டுமே மணக்காது. ருசியும் அவ்வளவா இல்லை.”

“அப்ப நான் ஞாயிற்றுக்கிழமையில கொண்டுவாற மீன்குழம்பு?”

“நல்லாயிருக்கு எண்டு சொன்னனான்தானே.”

“அப்பா!” என்று கத்தினாள். பிறகு அழுதாள். அழுதுகொண்டே, “சொல்லியிருந்தா நான்...” என்று தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டாள். சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பாள் என்று அவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அதிகாரிக்கு நான் ஒரே வசனத்தில் மொழிபெயர்த்தேன். அவர் தலையை ஆட்டிவிட்டு எழுந்து போனார்.

உள்ளேயிருந்து அவர்கள் அந்தப் பேணியைக் கொண்டுவந்த விதத்தைப் பார்த்தபோதுதான் நான் எதைக் கையில் வாங்கிப் பார்த்தேன் என்று விளங்கியது. கனத்த உடுப்பு, முகத்துக்குக் கவசம், மண் நிரப்பிய வாளி. வீட்டுக்குப் பின்னாலிருந்த வளவின் நடுவில் வைத்து, நீளமான கோல் ஒன்றால் மூடியைத் தட்டிவிட்டார்கள். தெருவில், வேலிக்கு இந்தப் பக்கம் தள்ளி நின்ற எங்களுக்கே தெரிந்தது, மண்ணிறமாக மெல்லிய ஒரு புகை எழும்பி, வெயிலில் கொஞ்சம் தங்கிவிட்டுக் கலைந்து போனது.

அதிகாரி திரும்பி வந்தபோது நான் கேட்டேன். லொறியில் ஏற்றியிருந்தால் என்ன நடந்திருக்கும்?

அவர் நேர்மையான பெண். மருந்து கெட்டுப்போகும்போது தனக்குள்ளேயே சூடேறும், ஒரு கட்டத்தில் நெருப்பில்லாமலே பற்றிக்கொள்ளும் என்றார். இன்றைக்கா, அடுத்த மாதமா, அடுத்த வருடமா என்று என்னால் சொல்ல முடியாது, ஆனால் இந்த வெயிலில் மூடிய லொறிக்குள் அதோடு பயணம் செய்ய நான் சம்மதிக்க மாட்டேன் என்றார். முருகேசன் தெருமுனையில் நின்ற தன் லொறியைத் திரும்பிப் பார்த்தார். அதற்குப் பிறகு அன்று முழுவதும் அவர் நேரத்தைப் பற்றிப் பேசவேயில்லை.

மற்றப் பேணிகளையும், கட்டி வைத்திருந்த தோட்டாக்களையும் அவர்களே எடுத்துக்கொண்டு போனார்கள். யாரையும் குற்றவாளியாக நடத்தவில்லை. செய்திக்காரர் யாரும் வரவில்லை. வந்திருக்கவும் கூடும். அன்று எங்களுக்கு நல்ல நாள், அவ்வளவுதான். பிரெஸ்ஸையும் தராசையும் கழுவித் துடைத்து வைத்திருக்கலாம் என்றார்கள். அவற்றால் ஆபத்தில்லை.

எனக்கு அடுத்த நாள் அலுவலகத்தில் பேச்சு விழுந்தது. ஒரு தகரப்பேணிக்காக ஒரு தெருவையே மறித்தாய் என்று அப்போதைய முதலாளி சொன்னார். இப்படித்தான் நடக்கும். நீங்கள் நிற்பாட்டியதால் நடக்காமல் போனது யாருடைய கண்ணுக்கும் தெரியாது. பிந்திப்போனது மட்டும்தான் தெரியும். அதைத் தாங்கத்தான் பழக வேண்டும்.

என் மூக்கு பெரிய மூக்கு என்று காட்ட இதைச் சொல்லவில்லை. சில மாதம் கழித்து இன்னொரு வீட்டில், படிக்கட்டுக்குக் கீழே ஒரு நெடி வந்தது. எல்லோரையும் வெளியே எடுத்து, வேலையை நிற்பாட்டி, மெல்ல மெல்லப் பலகையைக் கழற்றிப் பார்த்தால் கருவாடு. யாரோ ஊரிலிருந்து கொண்டுவந்து ஒளித்து வைத்து மறந்துபோன கருவாடு. முருகேசன் ஒரு மாதம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். அன்று நிற்பாட்டியதும் சரிதான் என்றுதான் இன்றைக்கும் சொல்வேன்.

அந்தப் பேணி நாளின் மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். எங்களை உள்ளே போக விட்டபோது பின்னேரம் ஆகிவிட்டது. கட்டடக்காரரிடம் கெஞ்சிக் கேட்டு எலிவேட்டரைப் பிடித்து வைப்பதற்காக வதனி தன் காரில் பிக்கரிங்குக்கு முன்னால் ஓடினாள். முருகேசன் கடைசிச் சாமான்களை ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். பெரியவர் என்னுடைய காரில் ஏறினார். மடியில் அந்தச் சின்னத் தராசு மட்டும்.

நானூற்றியொன்று நெடுஞ்சாலையில் ஏறினோம். வாகனங்கள் ஊர்ந்துகொண்டிருந்தன. அவர் அடிக்கடி அசைந்து அசைந்து உட்கார்ந்தார். கதவோடு ஒட்டியே இருந்தார். பின்னர் யன்னலை இறக்கினார். ஏசி போட்டிருக்கு அங்கிள் என்றேன். பரவாயில்லை என்று இன்னும் கொஞ்சம் இறக்கினார்.

“கோவமோ அங்கிள்?”

“உன்னிலையோ? சீச்சீ.” வெளியே பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு முகத்தைத் திருப்பாமலே, “பிள்ளை, ஒண்டு கேக்கிறன். மகளிட்டக் கேக்கேலாது. நீ உண்மையைச் சொல்லோணும்” என்றார்.

“கேளுங்கோ.”

“என்னில ஏதும் மணக்குதோ?”

எனக்கு உடனே விளங்கவில்லை.

“இல்லை, தனிய இருக்கிற கிழவன்தானே. ரெண்டு நேரம் குளிக்கிறன். உடுப்பை ஒருக்காப் போட்டாத் திரும்பத் தோய்க்கிறன். கோயிலுக்குப் போனாத் தள்ளித்தான் நிக்கிறது. ஆரும் கொஞ்சம் விலகினா, என்னாலதானோ எண்டு வரும். ஆரிட்டக் கேக்கிறது? இவ்வளவு காலமும் ஒருத்தரிட்டையும் கேக்கேல்லை.”

அவர் ஏன் யன்னலை இறக்கினார் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. பொய் சொல்ல வேண்டிய தேவை எனக்கு இருக்கவில்லை. ஆனாலும் அவர் கேட்டபடி, அவர் பக்கம் சாய்ந்து மூச்சை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் சொன்னேன்.

“சவுக்கார மணம் அங்கிள். வெயிலில நிண்ட வேர்வை கொஞ்சம், அது என்னிலையும்தான் மணக்குது. பிறகு ஏதோ ஒரு எண்ணெய்.”

“எண்ணெயோ? என்ன மாதிரி எண்ணெய்?”

“மிஷினுக்குப் போடுற மாதிரி. கெட்ட மணமில்லை.”

“அது பிரெஸ்ஸுக்குப் பூசிறது” என்றார். “காலமை எழும்பினவுடன முழுக்கப் பூசித் துடைச்சனான். அந்தச் சிநேகிதன் வந்து எடுக்கேக்க இறுகாமல் இருக்கவேணுமெண்டு.”

யன்னலை மெல்ல மேலே ஏற்றினார். கதவை விட்டுக் கொஞ்சம் இந்தப் பக்கமாக நகர்ந்து, இருக்கையில் சாய்ந்தார். பிறகு தன் வலது கையை விரித்துப் பார்த்து, அதை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய், கண்ணை மூடிக்கொண்டு நீளமாக மூச்சை இழுத்தார்.